டொபியைக் காட்டி ‘எங்க’ என்று கேட்டவள்

முந்தநாள் எங்கள் உளவியல் துறையில் இப்போது படிப்பிக்கிற பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கையில் சிலேட்டு மாதிரி ஒரு திரை. “மிஸ், பிள்ளைகளைச் சோதிக்க இனிப் பொம்மையும் தேவையில்லை, பெட்டியும் தேவையில்லை. எல்லாம் இதுக்குள்ளயே இருக்கு. பிள்ளை விரலால தொட்டாச் சரி, புள்ளி தானாப் பதியும்” என்றாள். நல்லது என்றேன். வேறென்ன சொல்ல? பிறகு துறையின் ஆண்டு மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஒரே கரைச்சல். முழங்கால் நோ, கண்ணில் புரை, பேனையை எடுத்தால் கொட்டாவி, இந்தக் கோதாரியெல்லாம் எனக்கு ஏன் என்று தப்பப் பார்த்தேன். போகிற போக்கில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “மிஸ், நீங்கள் ஏன் கலாநிதிப் பட்டத்தை முடிக்கேல்லை?”

எத்தனை நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டிருப்பார்கள்! கேட்டவர்களுக்கெல்லாம் “சுகமில்லாமல் போச்சு” என்று ஒரே பதில்தான் கொடுத்தேன். யுத்தம் முடிந்து எவ்வளவோ காலமாயிற்று. இனிச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைக்கிறேன். இருந்தாலும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் ஆராய்ச்சி செய்த தேயிலைத் தோட்டத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். பன்வில பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்பதை மனிதர் எப்படி அறிகிறார்கள், அந்த அறிவு பிள்ளைகளுக்கு எப்படி வருகிறது என்பதுதான் நான் ஆராய எடுத்த விடயம். ஏன் அதை எடுத்தீர்கள் என்று இளையவர்கள் கேட்டால், நான் கலவரத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். கலவர வருஷத்தில் நாங்கள் கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். அப்பா தபால் கந்தோரில் வேலை. ஊர் எரியத் தொடங்கியதும் மடவளையில் ஒரு முஸ்லிம் கடை முதலாளி எங்களைத் தன் வீட்டுப் பின்னறையில் வைத்துக் காப்பாற்றினார். தமிழரைத் தேடி வந்தவர்களிடம் அவர் மனைவி வாசலில் நின்று, உள்ளே தன் உம்மா மட்டும்தான் காய்ச்சலோடு படுத்திருக்கிறா என்று அடித்துச் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கே மனித மனத்தை ஆராயத் தீர்மானித்தேன் என்று எழுதினால் வாசிக்க வடிவாகத்தான் இருக்கும். ஒரு மண்ணுமில்லை. அந்தப் பிரிவில் ஒரு உதவித்தொகை காலியாக இருந்தது, அவ்வளவுதான். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார்கள். நான் கண்டியில் ஒரு போடிங்கில் தங்கிப் படித்து முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்கும் சேர்ந்தேன்.

என் மேற்பார்வையாளர் ஒரு சிங்களப் பேராசிரியர். ‘சேர்’ என்பதற்கு மேல் நாங்கள் அவரை ஒன்றும் அழைத்ததில்லை. என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். அவர் பேச்சை இங்கே தமிழில் தருகிறேன். நெட்டையான, வற்றிய மனிதர். நாங்கள் எதையாவது சொல்லத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்து ஒருமுறை நான் பேச்சை நிறுத்தினேன். “நிறுத்தச் சொன்னேனா?” என்றார், கண்ணைத் திறக்காமலே. ‘நல்லது’ என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததை நான் கேட்டதில்லை. பிழை இல்லாவிட்டால் கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பிளேன்ரீ குடிப்பார். அதை வைத்து நாங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பிள்ளைகளிடம் போகுமுன் எனக்கு அவர் மேலேயே பயிற்சி நடந்தது. அவர் அறையில் ஒரு குட்டிப் பலகை கிடக்கும். அதில் குந்தி, கால்களை மடக்கி, ஐந்து வயதுப் பிள்ளையாகிவிடுவார். நடிப்பென்றால் அப்படி ஒரு நடிப்பு! மூக்கைத் தோண்டுவார், யன்னலுக்கு வெளியே குரங்கு போனால் அதைப் பார்ப்பார், நான் கேள்வி கேட்டால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முன்னால் இருக்கிற இரண்டு பெட்டிகளில் சரியானதைக் காட்டிவிட்டு, “உமது புருவம் எனக்குச் சொல்லிவிட்டது. திரும்பச் செய்யும்” என்பார். இன்னொரு நாள் என் பெருவிரல் சொல்லிவிட்டதாம். புருவமும் பெருவிரலும் வாயை மூடுவதற்கு எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று.

செய்முறை இதுதான். தரையில் பாய். பாயில் ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு நீலப் பெட்டி. கமலா, சீதா என்று இரண்டு துணிப் பொம்மைகள். கமலா ஒரு டொபியைச் சிவப்புப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறாள். அவள் இல்லாத நேரம் சீதா டொபியை எடுத்து நீலப் பெட்டியில் ஒளிக்கிறாள். கமலா திரும்பி வருகிறாள். “கமலா டொபிய எங்க தேடுவா?” இதுதான் கேள்வி. கமலாவுக்கு டொபி இடம் மாறியது தெரியாது, ஆகவே சிவப்புப் பெட்டியில்தான் தேடுவாள். சின்னஞ்சிறுசுகள் நீலம் என்பார்கள். தங்களுக்குத் தெரிந்தது உலகத்துக்கே தெரியும் என்று நினைக்கிற வயது அது. கொஞ்சம் வளர்ந்தால் சிவப்பு என்பார்கள். பிறகு, பிள்ளை கவனித்ததா என்று பார்க்க, “டொபி இப்ப எங்க இருக்கு?” என்று ஒரு கேள்வி. இதற்கு எல்லோரும் நீலம் என்று சொல்ல வேண்டும். கேள்வியை மாற்றக்கூடாது, தலையாட்டக்கூடாது, சிரிக்கக்கூடாது, கை இரண்டும் மடியில் இருக்க வேண்டும். முடிந்ததும் சரியோ பிழையோ டொபி பிள்ளைக்கு.

தோட்டத்துக்குள் போக, அதை நடத்துகிற துரையின் அனுமதி வேண்டும். கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை: ஆராய்ச்சி முடிந்ததும் அறிக்கையின் பிரதியொன்று தோட்டக் கந்தோருக்குத் தர வேண்டும். அப்போதைய காலத்தில் கந்தோருக்குப் போகிற கடதாசி எல்லாம் பொலிசுக்கும் போகும் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பிள்ளைகளோடு பொம்மை விளையாடுகிற கதையில் பொலிசுக்கு என்ன வேலை என்று சம்மதித்தேன். காலையில் கண்டியில் பஸ் ஏறி, வத்தேகமையில் இறங்கி இன்னொரு பஸ்ஸில் தொங்கி, தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு மேலே இருக்கிற பிள்ளைக்காம்பராவுக்கு ஏறிப் போவேன். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைப் பள்ளியிலேயே ஒரு மூலையில் வைத்துக் கேட்பேன்.

முடிவுகள் தலைகீழாக வந்தன. வயது ஏற ஏறப் பிள்ளைகள் சரியாகச் சொல்வார்கள் என்றுதான் நாங்கள் படித்தது. இங்கே சின்னதுகள் ஓரளவு சரியாகச் சொல்லின. வளர்ந்ததுகள் கண்டபடி கையைக் காட்டின. “டொபி இப்ப எங்க இருக்கு?” என்ற, கண்ணால் கண்ட விடயத்துக்கே பிழையான பதில். சேர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “திரும்பப் போம்” என்றார். போனேன். அதே கதை.

அதிலும் சரோஜா என்று ஒரு பெண்பிள்ளை. ஆறு வயதிருக்கும். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை. எத்தனை தரம் கேட்டாலும், பெட்டியின் நிறத்தை மாற்றினாலும், பொம்மையை மாற்றினாலும், இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு தரமும் பிழை. தப்பித்தவறிக்கூட ஒரு சரி இல்லை. முடிவில் டொபியை நீட்டினால் மற்றப் பிள்ளைகள் பறித்துக்கொண்டு ஓடுவார்கள். இவள் கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். ஒரு பெரிய மனுஷி பார்க்கிற பார்வை. எனக்கு எரிச்சல் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்துப் பெரிய மாஸ்டர் மலையகத்து மனிதர், நல்லவர், களைத்துப்போனவர். ஒரே மண்டபத்தில் எல்லா வகுப்பையும் கட்டி மேய்க்கிறவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினார்.

“மிஸ், இந்தச் சரோஜா புள்ளய வச்சுகிட்டு நான் என்னா செய்யிறது? வாயத் தொறக்காது. தொறந்தா ஏறுமாறா எதையாச்சும் சொல்லும். மந்தமான புள்ளைகள வச்சுப் பார்க்கிறதுக்குக் கண்டியில ஒரு இல்லம் இருக்கு. தங்க எடம், சாப்பாடு எல்லாம் குடுக்கிறாங்க. நீங்கதான் சோதிச்சுப் பார்த்திருக்கீங்களே, ஒரு வார்த்த சொல்லுங்க, அனுப்பிடுறேன்.”

கையில் இருந்த புள்ளிகளைப் பார்த்தால் அவர் சொல்வதை மறுக்க எனக்கு ஒரு ஆதாரமும் இல்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பீலியடியில் பிள்ளைகள் ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். சரோஜாவும் நின்றாள். வருகிறவனை ஒரு பக்கம் பார்க்கவைத்துவிட்டு மறுபக்கத்தால் நழுவினாள். தான் ஒளிந்திருக்கிற மரத்துக்கு எதிர்ப்பக்கம் கல்லெறிந்து அவனை அங்கே ஓடவைத்தாள். ஒருவரும் அவளைப் பிடிக்கவில்லை. இதுவா மந்தம்? இவள் என்னோடு மட்டும் ஏன் இப்படி?

நேரே அவள் தாயைத் தேடிப் போனேன். பாக்கியம் என்று பெயர். பகல் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். இல்லத்தைப் பற்றிச் சொன்னேன். ரொட்டி அப்படியே கையில் நின்றது.

“என் புள்ளயவா? மந்தமா?” என்றாள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தாள். “மிஸ், கோவிச்சுக்காதீங்க. நீங்க டொபியக் காட்டிக்காட்டி எங்க, எங்கன்னு கேட்டா புள்ள வேற என்னா சொல்லும்?”

எனக்கு விளங்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னாள். தேடுதலுக்கு, சுற்றிவளைப்புக்கு என்று பொலிஸ் ஜீப் வரும்போது இளந்தாரிகள் எங்காவது ஒதுங்கிவிடுவார்களாம். பிரஜாவுரிமைக் கடதாசி இழுபட்டு, அடையாள அட்டை இல்லாத பையன்கள். அட்டை இல்லையென்றால் புலி என்று கொண்டுபோவார்கள். ஒருமுறை வந்தவர்களில் ஒருவன் கொச்சைத் தமிழ் பேசுகிறவன், சிரித்த முகம். பிள்ளைகளைச் சுற்றி வைத்து டொபி கொடுத்து, அண்ணா எங்க, மாமா எங்க என்று கேட்டிருக்கிறான். அடுத்த லயத்துக் குழந்தை ஒன்று டொபியை வாயில் போட்டுக்கொண்டு விறகுப் பரணைக் காட்டிவிட்டது. அங்கே ஒளிந்திருந்த பையனை இறக்கிக் கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை.

“அன்னையிலேர்ந்து எல்லாப் புள்ளைகளுக்கும் சொல்லி வச்சிருக்கோம் மிஸ். டொபியக் காட்டி யாரு எங்கன்னு கேட்டாலும், இல்லாத பக்கம் கையக் காட்டு. டொபிய வாங்காத. சின்னதுக மறந்துடும், வாங்கித் தின்னுடும். இவ மறக்கமாட்டா. இவ அண்ணன் ரவிக்கும் அட்டை இல்ல.” சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று நினைவு வந்தது போலும். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இத எழுதிப்புடாதீங்க மிஸ். எம் புள்ளய மந்தம்னு எழுதினாலும் பரவாயில்ல. இத எழுதிப்புடாதீங்க.”

பஸ்ஸில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. அந்தப் பிள்ளைக்கு மற்றவர் மனம் விளங்காமல் இல்லை. என் மனதுக்குள் என்ன இருக்கும் என்று என்னைவிட நன்றாக யோசித்துப் பார்த்து, கமலா எங்கே தேடுவாள் என்று தெரிந்துகொண்டே மற்றப் பெட்டியைக் காட்டி, என்னை வேறு பக்கம் அனுப்பியிருக்கிறாள். அதைவிட நல்ல சான்று எந்த ஆராய்ச்சியில் கிடைக்கும்? ஆனால் அதை எழுதினால் அறிக்கை கந்தோருக்குப் போகும், லயங்களில் பையன்களை ஒளிக்கிறார்கள் என்பதும் கூடவே போகும். எழுதாவிட்டால் பிள்ளை இல்லத்துக்குப் போவாள். நான் என்ன செய்ய?

மறுநாள் சேரின் அறைக்குப் போனேன். “அந்தப் பிள்ளை மந்தமில்லை, சேர். எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏன் என்று மட்டும் கேட்கவேண்டாம்” என்றேன்.

கண்ணைத் திறந்து பார்த்தார். அதுவே அபூர்வம். “சொல்ல முடியாதா, சொல்லமாட்டீரா?”

“சொல்லமாட்டேன், சேர்.”

மேசையை விரலால் தட்டினார். “ஒன்றும் தெரியாத பிள்ளை குருட்டு வாக்கில் பாதியாவது சரியாகச் சொல்லும். எல்லாவற்றையும் பிழையாகச் சொல்ல வேண்டுமென்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இதை நானே கண்டிருக்க வேண்டும்” என்றார். “காரணத்தை என்னிடம் சொல்லவேண்டாம். எனக்குத் தெரியாததை என்னிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது. எப்போது பஸ்?”

அந்த வயதில் அந்த மனிதர் என்னோடு வத்தேகமையில் பஸ் மாறி, மழையில் குடை பிடித்துக்கொண்டு ஏறி வந்தார். பெரிய மாஸ்டரின் அறையில் சரோஜாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. சேர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, பேப்பரை விரித்துப் பார்த்து, அந்தப் பேப்பரைக் கண்ணாடிக்கு மேலேயே போட்டுவிட்டு, வெளியே போய் மழையைப் பார்த்தார். திரும்பி வந்தார். சட்டைப் பையைத் தடவினார். கதிரைக்குக் கீழே குனிந்தார். அலுமாரியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பெரிய மாஸ்டரின் தேத்தண்ணிக் கோப்பைக்குள்ளும் பார்த்தார். ஒருவரும் அவளிடம் எங்கே என்று கேட்கவில்லை.

முதலில் அவள் வாயின் ஓரம் துடித்தது. பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு களுக்கென்று ஒரு சிரிப்பு, அடக்கமாட்டாத சிரிப்பு. மேசைக்கு வந்தாள், பேப்பரைத் தூக்கினாள், கண்ணாடியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, “இந்தாங்க தாத்தா, இங்கினதான் இருக்கு” என்றாள்.

“அடி கள்ளி!” என்றார் பெரிய மாஸ்டர்.

சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரிடம் சிங்களத்தில் சொன்னார்: “எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இல்லாவிட்டால் சிரிப்பு வராது. இவளை எந்த இல்லத்துக்கும் அனுப்பவேண்டாம். எங்கள் சோதனைதான் பிழை.” மாஸ்டர் தலையாட்டினார். இல்லத்துக் கதை அத்தோடு முடிந்தது.

என் கதையும் முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் சேர் சொன்னார்: “சோதனை பிழையென்றால் தோட்டத்துப் புள்ளிகள் எல்லாம் பிழை. காரணம் சொல்லாமல் அவற்றை எடுத்துவிட்டால் அது களவு. அப்படியே வைத்து எழுதினால் தோட்டப் பிள்ளைகள் மந்தம் என்று நாளைக்கு எவனாவது மேற்கோள் காட்டுவான். காரணத்தை எழுதினால் உமக்கு நல்ல ஆய்வு. நீர்தான் முடிவெடுக்க வேண்டும்.”

“எழுதவில்லை, சேர்” என்றேன்.

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காரணம் என்னவென்று அவர் காலமாகும்வரை என்னிடம் கேட்டதில்லை. சோதனை சரிவரவில்லை என்று கந்தோருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம். உதவித்தொகைக் காலம் முடிந்தது. வேறு விடயத்தில் ஒரு சின்னப் பட்டத்தோடு விரிவுரையாளராகச் சேர்ந்து, அதே படியிலேயே நின்று ஓய்வு பெற்றேன். தியாகம், அது இது என்று மலரில் தலைப்புப் போட்டுவிடாதேயுங்கோ. எனக்கு எரிச்சல்தான் இருந்தது. என்னிடம் படித்ததுகள் எல்லாம் கலாநிதி என்று பலகை மாட்டும்போது வயிறு எரிந்தது. தோட்டத்துக்கும் பிறகு போகவில்லை. போக மனம் வரவில்லை.

வருஷங்கள் கழித்து, யுத்தம் இன்னும் முடியாத காலம், ஒருநாள் கண்டியில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றேன். ஏறுகிறவர்களின் பைகளை எல்லாம் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். “மிஸ்!” என்று ஒரு சத்தம். சேலை கட்டிய இளம்பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். பின்னால் பாக்கியம், தலை நரைத்து. எனக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. சரோஜா அக்குறணையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாளாம். கணக்கெல்லாம் அவள்தான் பார்க்கிறாளாம், முதலாளிக்கு அவள் இல்லாமல் கை ஓடாதாம். பாக்கியம் பெருமையாகச் சொன்னாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சந்தோஷத்தில் வாய் தவறி, சுற்றிவர யார் நிற்கிறார்கள் என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்: “ரவி இப்ப எங்க?”

“கொழும்புல, மிஸ்” என்றாள் பாக்கியம்.

“திருகோணமலையில, மிஸ்” என்றாள் சரோஜா, அதே நேரத்தில்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தார்கள். மற்றவர் மனதைப் படிக்கிறோம் என்று நான் தின்ற சம்பளத்துக்கு அந்த ஒரு நிமிடம்தான் பலன். செத்துப்போனவனுக்கு யாரும் இரண்டு ஊர் சொல்லமாட்டார்கள். பிடிபட்டவனுக்கும் சொல்லமாட்டார்கள். பொடியன் உயிரோடு இருக்கிறான். எங்கேயென்று எனக்குத் தெரியவேண்டியதில்லை.

“ரெண்டும் நல்ல ஊர்தான் பிள்ளை” என்றேன்.

பாக்கியம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நடுத்தெருவில் நின்று அழத் தொடங்கினாள்.